பொம்மைத் துப்பாக்கியால் கண்ணில் காயம்: கடைக்காரர் பொறுப்பாவாரா?

கேள்வி: என் ஆறு வயது மகனுக்கு அவனுடைய தாய்மாமன் தேனியில் ஒரு கடையில் 350 ரூபாய்க்கு அம்பு எய்யும் பொம்மைத் துப்பாக்கி வாங்கிக் கொடுத்தார். பெரியவன் சுட்டபோது அம்பு முனையின் ரப்பர் கழன்று, வெறும் பிளாஸ்டிக் குச்சி சின்னவனின் கண்ணில் பட்டுவிட்டது. கண்ணுக்குள் ரத்தம் கட்டி, மருத்துவமனையில் சேர்த்தோம். பெட்டியில் தயாரிப்பாளர் பெயரோ ஐ.எஸ்.ஐ. முத்திரையோ இல்லை. பில்லும் தரவில்லை, மொபைலில் பணம் அனுப்பிய பதிவுதான் இருக்கிறது. பொம்மையைத் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டால் பணம் தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள், அம்மா. பொம்மையையும் கொடுக்காதீர்கள். உங்கள் வழக்கின் முதல் சாட்சியே அதுதான். துப்பாக்கி, கழன்ற ரப்பர், குச்சி, பெட்டி எல்லாவற்றையும் அப்படியே ஓர் உறையில் போட்டு வையுங்கள். ரப்பரை மீண்டும் மாட்டிப் பார்க்கக்கூட வேண்டாம்.

14 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைகளை ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் விற்பது 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் குற்றம். எய்யும் பொம்மைகளின் அம்பு முனை, வேகம், ரப்பர் கழன்று வருமா என்பதையெல்லாம் சோதிப்பதற்கென்றே தர விதிகள் இருக்கின்றன. குழந்தைகள் ஒருவரையொருவர் குறிபார்ப்பார்கள் என்பது யாருக்கும் தெரிந்ததுதான். ஆகவே பெரியவன்மேல் பழியைப் போட்டுக் கடைக்காரர் தப்பிக்க முடியும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் ரப்பரைப் பிள்ளைகளே பிடுங்கியிருந்தால், "பொருளை மாற்றிப் பயன்படுத்தினார்கள்" என்ற வாதம் வரும். நடந்ததை உங்கள் வழக்கறிஞரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

தயாரித்தவர் யாரென்று தெரியாவிட்டால் வழக்கு நிற்காது என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். உண்மை நேர்மாறானது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 86ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் அடையாளம் தெரியாத பொருளால் தீங்கு நேர்ந்தால் விற்றவரே பொறுப்பு. வாங்கியவர் மாமன் என்பதும் தடையல்ல. வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான். மைனர் என்பதால் மகன் சார்பில் நீங்கள் புகார் கொடுக்கலாம்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் நீங்கள் கேட்கும் இழப்பீட்டைப் பொறுத்ததல்ல. பொருளுக்குக் கொடுத்த விலையைப் பொறுத்தது. ஐந்து லட்சம் வரை கட்டணமே இல்லை. உங்களுடையது 350 ரூபாய். சிகிச்சைச் செலவு, குழந்தை பட்ட வேதனை, இனி தேவைப்படும் சிகிச்சை எல்லாவற்றையும் கேளுங்கள். ரத்தம் கட்டிய கண்ணில் பின்னாளில் கண் அழுத்தம் உயரக்கூடும் என்பதால் மருத்துவரிடம் அதைப்பற்றி எழுத்தில் கருத்து வாங்குங்கள். மருத்துவக் குறிப்புகளில் "பொம்மை அம்பு பட்டு" என்று காரணம் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். பணப் பரிமாற்றப் பதிவும் மாமனின் வாக்குமூலமும் பில்லின் இடத்தில் நிற்கும்.

இழப்பீட்டு வழக்குக்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. இன்னொரு வேலைக்கு அவ்வளவு நாள் காத்திருக்கக் கூடாது. அதே பெட்டிகள் இன்றும் அந்தக் கடையில் தொங்கினால், இன்னொரு வீட்டுப் பிள்ளையின் கண் ஆபத்தில் இருக்கிறது. படம் எடுத்து, மாவட்ட ஆட்சியரிடம் எழுத்துப் புகார் கொடுங்கள். 17ஆவது பிரிவு அதற்கு வழி தருகிறது. விசாரணையில் உறுதியானால், ஆபத்தான பொருளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறவும் வாங்கியவர்களுக்கு விலையைத் திருப்பித் தரவும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 20ஆவது பிரிவில் உத்தரவிடலாம். முத்திரையில்லாப் பொம்மை விற்பதைப் பற்றி இந்தியத் தர நிர்ணய அமைவனத்துக்கும் தனியே எழுதுங்கள். சோதனையிட்டுப் பறிமுதல் செய்யும் அதிகாரம் அவர்களிடம் இருக்கிறது. எங்கே தொடங்குவதென்று குழப்பமாக இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள்.