சிகாகோ பல்கலைக்கழகம்: பெற்றோரும் மாணவர்களும் கேட்டவை

அமெரிக்கத் தனியார் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களில் சிகாகோவைப் பற்றித்தான் இம்முறை அதிகக் கேள்விகள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

மகளுக்கு சிகாகோவில் இடம் வாங்கித் தருகிறேன், அரசுப் பல்கலைக்கழகம், கட்டணம் குறைவு என்கிறார் ஏஜென்ட். நம்பலாமா? (தந்தை, ஈரோடு)

அவர் சொல்வது வேறு பல்கலைக்கழகமாக இருக்கும். சிகாகோ நகரத்தில் ‘யுனிவர்சிட்டி ஆஃப் இல்லினாய், சிகாகோ’ என்று ஓர் அரசுப் பல்கலைக்கழகம் உண்டு. நல்ல இடம்தான், ஆனால் அது வேறு. நீங்கள் கேள்விப்பட்டிருக்கும் ‘யுனிவர்சிட்டி ஆஃப் சிகாகோ’ 1890-இல் எண்ணெய்த் தொழிலதிபர் ராக்ஃபெல்லர் கொடுத்த பணத்தில் தொடங்கி, 1892-இல் வகுப்புகளை ஆரம்பித்த தனியார் நிறுவனம். ஹைட் பார்க் என்ற பகுதியில் இருக்கிறது. எந்த ஏஜென்டாலும் அங்கே ‘இடம் வாங்கித் தர’ முடியாது. முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள்.

மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படிக்க ஆசை. சிகாகோ சரியா? (ப்ளஸ் டூ மாணவர், கரூர்)

சரிவராது. மெக்கானிக்கல், சிவில் போன்ற வழக்கமான பொறியியல் பிரிவுகளே அங்கு கிடையாது. 2011-இல் தொடங்கிய மூலக்கூறுப் பொறியியல் மட்டும்தான் உண்டு. குவாண்டம் தொழில்நுட்பம், பேட்டரி, நீர் சுத்திகரிப்பு, நோயெதிர்ப்பு போன்றவற்றில் ஆர்வம் இருந்தால் அதைப் பாருங்கள்.

பொருளாதாரம் படிக்க சிகாகோதான் சிறந்தது என்கிறார்கள். ஆனால் பொருளாதாரம் படிக்கப் போகிறவளை பிளேட்டோவும் உயிரியலும் படிக்கச் சொல்கிறார்களாமே? (மாணவி, திருச்சி)

ஆமாம், சொல்வார்கள். என்னைக் கேட்டால் இந்தப் பல்கலைக்கழகத்தின் உயிரே அதுதான். ‘கோர்’ என்பார்கள். எந்தப் பாடத்தில் பட்டம் வாங்கினாலும் மொத்தப் பாடங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்தப் பொதுப் பாடத்திட்டத்தில்தான் போகும். இலக்கியம், தத்துவம், சமூகவியல், இயற்பியல் அல்லது உயிரியல், கணிதம், ஏதாவது ஒரு நாகரிகத்தின் வரலாறு என எல்லாம் வரும். சுமார் இருபது பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, முந்தைய நாள் படித்த மூல நூலை வைத்து வாதாடுவார்கள். ஆசிரியர் நோட்ஸ் தரமாட்டார். வகுப்பில் வாய் திறக்காதவர் படிக்காதவராகவே கருதப்படுவார். நம் பள்ளிகளில் கேள்வி கேட்காமல் மார்க் வாங்கிப் பழகிய பிள்ளைகளுக்கு முதல் பருவம் திணறலாகத்தான் இருக்கும். பருவமும் சிறியது, பத்து வாரம்போலத்தான். மூன்றாவது வாரமே தேர்வு வந்து நிற்கும்.

பொருளாதாரத்தைப் பொறுத்தவரை நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. மில்டன் ஃப்ரீட்மன் (நோபல் 1976), கேரி பெக்கர் (1992), யூஜின் ஃபாமா (2013), ரிச்சர்ட் தேலர் (2017) எல்லோரும் அங்கே பாடம் நடத்தியவர்கள். சந்தை தவறே செய்யாது என்பதற்கு நெருக்கமாகப் பேசிய ஃபாமாவும், மனிதர்கள் பணவிஷயத்தில் எப்படியெல்லாம் தவறாக முடிவெடுக்கிறார்கள் என்று ஆராய்ந்த தேலரும் ‘பூத்’ என்ற ஒரே வணிகப் பள்ளியில் இருந்தார்கள் என்பதை கவனியுங்கள். ரிசர்வ் வங்கி ஆளுநராக 2013 முதல் 2016 வரை இருந்த ரகுராம் ராஜனும் அதே பூத் பள்ளியின் பேராசிரியர்தான். கணிதம் கடுமையாக இருக்கும். கால்குலஸைக் கண்டு பயப்படுபவர் இங்கே பொருளாதாரம் எடுக்க வேண்டாம். வாசிக்கவும் பிடிக்கும், கணக்கும் பிடிக்கும் என்றால் தயங்காமல் விண்ணப்பியுங்கள்.

செலவு எவ்வளவு? ஸ்காலர்ஷிப் கிடைக்குமா? (பல கடிதங்கள்)

இதில் பட்டத்துக்குப் பட்டம் பதில் மாறும். ஒன்றுக்குச் சொன்னதை இன்னொன்றுக்குப் பொருத்திப் பார்த்துத்தான் பல குடும்பங்கள் கடனில் மாட்டிக்கொள்கின்றன.

இளநிலைப் பட்டம் என்றால் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 90,000 டாலரைத் தாண்டும். சேர்த்துக்கொண்ட மாணவரின் குடும்பத்தால் கட்ட முடியாத தொகையைப் பல்கலைக்கழகமே ஈடுகட்டுகிறது. ஆனால் வெளிநாட்டு மாணவர் விஷயத்தில், உதவி தேவைப்படுகிறதா என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் இடம் தருவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள். ஆகவே உதவி கேட்பவருக்குப் போட்டி இன்னும் கடுமை. அதற்காகத் தேவையை மறைத்து விண்ணப்பிக்காதீர்கள். சேர்ந்த பிறகு கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்ற கணக்கு பலிக்காது.

முதுநிலைப் பட்டம் பெரும்பாலும் சொந்தப் பணம். ஓரளவு கட்டணக் குறைப்பு கிடைக்கலாம், முழு உதவி அபூர்வம். வீட்டை அடமானம் வைத்து ஓராண்டு எம்.ஏ. படிக்கப் போவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

பிஎச்.டி. நேர்மாறு. கட்டணம் கிடையாது, மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைக்கு சிகாகோவுக்கு உள்ள நேர்வழி இதுதான் என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன்.

பி.எஸ்சி. இயற்பியல் மூன்றாம் ஆண்டு. பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாமா? (மாணவர், மதுரை)

எம்.எஸ்சி. முடித்துவிட்டுப் போடுங்கள். மார்க்கைவிட, உங்கள் ஆராய்ச்சியை நேரில் பார்த்த ஆசிரியர் எழுதும் பரிந்துரைக் கடிதத்துக்கு மதிப்பு அதிகம். அதற்குக் கோடை விடுமுறைகளில் ஐ.ஐ.டி., ஐ.ஐ.எஸ்சி., கணித அறிவியல் நிறுவனம் போன்ற இடங்களில் வேலை செய்யப் பாருங்கள்.

இயற்பியலுக்கு அது எப்பேர்ப்பட்ட இடம் தெரியுமா? 1942 டிசம்பர் 2 அன்று, விளையாட்டு மைதானத்தின் பார்வையாளர் படிகளுக்கு அடியில், என்ரிகோ ஃபெர்மியின் குழு முதல் தொடர் அணுக்கரு வினையை நடத்தியது அங்கேதான். தொல்பொருள்களின் வயதைச் சொல்லும் கார்பன் காலக்கணிப்பை 1940-களின் இறுதியில் வில்லார்ட் லிபி உருவாக்கியதும் அங்கேதான். கீழடியின் காலத்தைக் கணித்ததும் அந்த முறையில்தான். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர் 1937-இல் அங்கு சேர்ந்து, 1983-இல் நோபல் பரிசு பெற்று, 1995-இல் இறக்கும் வரை அங்கேயே இருந்தார்.

விண்ணப்பக் கட்டுரைக்கு விசித்திரமான தலைப்புகள் தருகிறார்களே? (மாணவி, கோவை)

ஆமாம். ‘எக்ஸைக் கண்டுபிடி’ என்று மட்டும் ஓர் ஆண்டு கேட்டார்கள். சரியான விடை என்று ஒன்று கிடையாது. நீங்கள் எப்படி யோசிக்கிறீர்கள் என்று பார்க்கிறார்கள். காசு கொடுத்து எழுதி வாங்கிய கட்டுரை உடனே தெரிந்துவிடும். அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வின் மதிப்பெண் 2018 முதல் கட்டாயமில்லை. நல்ல மதிப்பெண் இருந்தால் அனுப்புங்கள்.

தமிழ் ஆய்வுக்கு அங்கே இடம் உண்டா? (எம்.ஏ. தமிழ், தஞ்சாவூர்)

உண்டு. குறுந்தொகைப் பாடல்களை ஆங்கில வாசகர்களிடம் கொண்டுசேர்த்த ஏ.கே. ராமானுஜன் முப்பதாண்டுகள் பணியாற்றிய இடம் அது. நாம் இணையத்தில் புரட்டும் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் அகராதியைப் பதிவேற்றியவர்கள் சிகாகோக்காரர்கள்தான். கோட்டையூர் ரோஜா முத்தையாவின் தமிழ் நூல் சேகரிப்பை 1994-இல் வாங்கி, அமெரிக்காவுக்கு அள்ளிக்கொண்டு போகாமல் சென்னையிலேயே நூலகமாக நிலைக்கச் செய்ததும் அந்தப் பல்கலைக்கழகம்தான். அந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு அதன்மேல் தனி மரியாதை. ஆனால் 2025-இல் கலை, இலக்கியத் துறைகள் பலவற்றில் பிஎச்.டி. சேர்க்கையை நிறுத்தினார்கள், அல்லது குறைத்தார்கள். நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டில் சேர்க்கை நடக்கிறதா என்று முதலில் துறைக்கே எழுதிக் கேளுங்கள். தரமணி போய் ரோஜா முத்தையா நூலகத்தில் இப்போதே வேலையைத் தொடங்கலாம்.

குளிர், சாப்பாடு, பாதுகாப்பு எப்படி? ஒரே மகன். (தாய், நாகர்கோவில்)

பாதுகாப்பு விஷயத்தில் மறைத்துப் பேச விரும்பவில்லை, அம்மா. ஹைட் பார்க்கைச் சுற்றியுள்ள பகுதிகளில் குற்றங்கள் நடக்கின்றன. 2021-இல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களே துப்பாக்கிச் சூட்டில் இறந்திருக்கிறார்கள். பல்கலைக்கழகத்துக்கென்றே தனிக் காவல்படையும் இரவு வாகனங்களும் உண்டு. இரவில் தனியாக நடக்காமல் அவற்றைப் பயன்படுத்துவதாக மகனிடம் வாக்கு வாங்கிக்கொள்ளுங்கள். இளநிலை மாணவர்கள் முதல் இரண்டு ஆண்டுகள் விடுதியில்தான் தங்கவேண்டும், அதுவும் ஒரு நிம்மதி. சைவச் சாப்பாடு கிடைக்கும். மளிகைக்கும் இட்லி தோசைக்கும் நகரின் வடக்கே டெவன் அவென்யூ இருக்கிறது, பேருந்தில் போய்வர அரைநாள் ஆகும். குளிர் ஜனவரியில் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும், மிச்சிகன் ஏரிக்காற்றில் இன்னும் கூடுதலாகத் தெரியும். குளிருக்குப் போடும் கோட்டு மட்டும் இங்கே வாங்கிக் கொடுக்காதீர்கள். நம் ஊர்க் கடையில் கிடைப்பது அந்தக் குளிருக்குத் தாங்காது, அங்கே போய் வாங்கிக்கொள்ளட்டும்.