கிரீஸ் போட்டும் கத்துகிறதே!

கேள்வி: 1930-ஆம் ஆண்டு ஃபோர்டு மாடல் ஏ பிக்கப் வைத்திருக்கிறேன். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஃபேன் பக்கத்திலிருந்து 'கீ...' என்று சத்தம். கிரீஸ் அடித்தால் இரண்டு நாள் அடங்குகிறது, பிறகு பழைய குருடி கதவைத் திறடி. என் மைத்துனர் இன்ஜின் ஆயிலை ஊற்றச் சொல்கிறார். ஊற்றலாமா?

பதில்: மைத்துனர் பேச்சை வேறு விஷயத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், இதில் வேண்டாம். இன்ஜின் ஆயில் இருக்கிற கிரீஸையும் கரைத்துக்கொண்டு வெளியே வரும். சுற்றுகிற ஃபேன் அதை பெல்ட்டின் மேல் வாரி இறைக்கும். அப்புறம் பெல்ட் வழுக்கும், அது வேறு கத்தும்.

முதலில் கத்துவது யார் என்று தெரிய வேண்டும். இன்ஜின் ஆறியிருக்கட்டும், சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும். ஜெனரேட்டரைத் தளர்த்தி பெல்ட்டை இறக்கிவிட்டு ஃபேனைக் கையால் சுற்றுங்கள். வழுக்கிக்கொண்டு ஓடினால் பேரிங் பெரும்பாலும் பிழைத்துக்கிடக்கிறது, பெல்ட்டைப் பாருங்கள். மணலை அரைப்பதுபோல் விரலுக்குத் தெரிந்தால் பேரிங் போய்விட்டது. அடுத்து, இறக்கையின் நுனியைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். இந்த வண்டியில் ஃபேனும் வாட்டர் பம்பும் ஒரே ஷாஃப்ட்டில் இருப்பவை. முன் பேரிங் தேய்ந்தால் ஃபேன் தலையைத் தொங்கப்போட்டுவிடும். நுனியில் 'டக் டக்' என்று ஆட்டம் தெரிந்தால் கிரீஸ் கன்னைக் கீழே வையுங்கள். நீங்கள் அடிக்கும் கிரீஸ் அந்த இடைவெளியை இரண்டு நாள் அடைத்து வைக்கிறது, அவ்வளவுதான். தொங்கிய ஃபேன் ஒரு நாள் ரேடியேட்டரை உரசும்.

கிரீஸ் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். பம்பில் கிரீஸ் அடிக்க இரண்டு நிப்பிள் உண்டு. முன்னால் இருப்பது பேரிங்குக்கு, பின்னால் இருப்பது ஷாஃப்ட்டைத் தாங்கும் உலோக வளையத்துக்கு, அதாவது புஷ்ஷுக்கு. பின் நிப்பிளில் அடிக்கும் கிரீஸ் மிஞ்சினால் போவதற்கு ஒரே இடம், தண்ணீர். இது தெரியாத வயதில் கை வலிக்க வலிக்க அடித்தேன். ஆறு மாதம் கழித்து, வண்டி ஏன் சூடாகிறது என்று ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் மேலே மஞ்சள் ஆடை படிந்திருந்தது, பால் காய்ச்சிய பாத்திரம்போல. குழாய்களில் பாதி அடைத்துவிட்டது. அன்றிலிருந்து பின்னால் ஒரே ஒரு அழுத்து, அதுவும் தண்ணீரில் கரையாத வாட்டர் பம்ப் கிரீஸ். முன்னால் புதுக் கிரீஸ் லேசாக எட்டிப்பார்த்தால் நிறுத்திவிடுவேன்.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் எனக்கு அதுதான் பெரிது. உங்கள் ஃபேன் வண்டியோடு வந்த இரண்டு இறக்கை ஃபேனா? அது கெட்டி இரும்பு இல்லை. இரண்டு தகடுகளைச் சேர்த்துப் பற்றவைத்த கூடு. ஈரம் உள்ளே போய், வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே உள்ளுக்குள் துருப்பிடிக்கும். ஓட்டத்தில் இறக்கை பிய்ந்து பானட்டைக் கிழித்துக்கொண்டு போன கதை இந்த வண்டிக்காரர்களிடம் நிறைய உண்டு. இறக்கை நடுவட்டத்தோடு சேரும் கழுத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். தலைமுடி அளவு கோடு தெரிந்தாலும் அது கீறல்தான். வெல்டிங் வைக்கலாமே என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். உள்ளே இருக்கும் துரு அப்படியே இருக்கும், பேலன்ஸும் போய்விடும். அதே தோற்றத்தில் அலுமினியத்தில் வார்த்த ஃபேன் கிடைக்கிறது, அதை மாட்டுங்கள். பழையதைச் சுவரில் மாட்டி அழகு பாருங்கள். எந்த ஃபேனாக இருந்தாலும், பானட்டைத் திறந்து வைத்து ரேஸ் கொடுக்கும்போது இறக்கை சுற்றும் வட்டத்துக்கு நேராக, பக்கவாட்டில் யாரையும் நிற்க விடாதீர்கள்.

பம்பைக் கழற்றுவதாக முடிவு செய்தால் ரேடியேட்டரை இறக்கிவிட்டே வேலையை ஆரம்பியுங்கள். நெருக்கத்தில் கைவிட்டு, ஸ்பேனர் வழுக்கி, ரேடியேட்டரில் ஓட்டை போட்டவர்களில் நானும் ஒருவன். மாட்டிய பிறகு பெல்ட்டை வீணைத் தந்திபோல் இழுத்துக் கட்டாதீர்கள். முன் பேரிங்கைக் கொல்வதே அந்த டைட்தான்.

கேள்வி: பம்ப் நட்டிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். டைட் வைத்தால் நிற்கிறது, மறுவாரம் மறுபடியும் சொட்டுகிறது.

பதில்: உள்ளே தண்ணீர் கசியாமல் ஷாஃப்ட்டைச் சுற்றி அடைத்திருக்கும் பேக்கிங் கயிறு காய்ந்துவிட்டது. மேலும் மேலும் இறுக்கினால் அது ஷாஃப்ட்டைத்தான் அறுக்கும். கிராஃபைட் போட்ட புதுக் கயிற்றைச் சுற்றி, நட்டை மெதுவாக இறுக்குங்கள். அப்படியும் நிற்காவிட்டால் ஷாஃப்ட்டில் வரி விழுந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டினால் ஷாஃப்ட்டையே மாற்ற வேண்டியதுதான்.