பீனிக்ஸில் இருக்கும் கமாகா: பணம் அனுப்புவதற்கு முன்

கேள்வி: மினியாபோலிஸில் வசிக்கிறேன். சில வருடங்களாக கான்செர்ட் அளவு யுகுலேலே (சிறிய கிட்டார் போன்ற நான்கு தந்திக் கருவி) வாசித்து வருகிறேன். இப்போது கமாகா எச்எஃப்-3 டெனர் (கான்செர்ட்டைவிடச் சற்றுப் பெரியது) ஒன்று இணையத்தில் விற்பனைக்கு வந்திருக்கிறது. 12 வருடப் பழையது. விற்பவர் அரிசோனாவில், பீனிக்ஸ் நகரில் இருக்கிறார். "விரிசலே இல்லை, புதுசு மாதிரி" என்கிறார். விலை 1,250 டாலர். பேபாலில் 'நண்பர்கள், குடும்பத்தினர்' வழியாக அனுப்பினால் 50 டாலர் குறைத்துக்கொள்கிறாராம். வாங்கலாமா? இதற்காக என் கான்செர்ட்டை விற்க வேண்டும், அதற்கும் யோசனை சொல்லுங்கள்.

பதில்: வாங்கலாம், ஆனால் அந்த 50 டாலருக்கு ஆசைப்படாதீர்கள். 'நண்பர்கள், குடும்பத்தினர்' வழியில் போகும் பணத்துக்கு பேபாலின் பாதுகாப்பு கிடையாது. பெட்டி வராவிட்டாலும், உடைந்து வந்தாலும் முறையிட வழியில்லை. ஜெல் (Zelle) என்ற வங்கிப் பணப் பரிமாற்றச் சேவை வழியாக அனுப்பினாலும் இதே கதிதான். 'பொருள், சேவை' என்று குறித்து அனுப்பினால் 180 நாட்கள் வரை புகார் எழுப்பலாம். அதற்கான கட்டணம் சுமார் 3 சதவீதம், 1,250 டாலருக்கு 40 டாலர் அளவில் வரும். வேண்டுமானால் அதை நீங்களே ஏற்றுக்கொள்வதாகச் சொல்லிப் பாருங்கள். அதற்கும் அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

அடுத்தது, கருவி உண்மையிலேயே அவர் கையில்தான் இருக்கிறதா என்பது. பழைய விற்பனைகளின் படங்களை எடுத்துப் போட்டு ஏமாற்றுவது சாதாரணமாக நடக்கிறது. உங்கள் பெயரையும் அன்றைய தேதியையும் ஒரு தாளில் கையால் எழுதி, கருவியின் தலைப்பகுதிக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒலித்துளைக்குள் ஒட்டியிருக்கும் சீட்டும் வரிசை எண்ணும் தெரியும்படி இன்னொரு படம் வேண்டும். கமாகா 1916 முதல் ஹொனலுலுவில் ஒரே குடும்பம் நடத்திவரும் நிறுவனம். எண்ணைக் கொடுத்து அவர்களிடமே விசாரிக்கலாம். உத்தரவாதம் பொதுவாக முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான், அதை விலையில் சேர்த்துப் பேச விடாதீர்கள்.

இனி முக்கியமான விஷயம்: பீனிக்ஸின் காற்று. அது பாலைவன ஊர். எச்எஃப்-3-இன் உடல் முழுக்க கோஆ என்னும் ஹவாய் மரத்தில் செய்தது. திட மரக் கருவிக்கு 45 முதல் 55 சதவீதம் வரை ஈரப்பதம் வேண்டும். அது குறைந்தால் மரம் ரேகைக்குக் குறுக்காகச் சுருங்கும், நீளவாக்கில் ஏறக்குறைய அப்படியே இருக்கும். மேல்பலகை ஓரங்களில் ஒட்டப்பட்டிருப்பதால் சுருங்க இடமின்றி ரேகையோடு பிளக்கும். ஆகவே "விரிசல் இருக்கிறதா?" என்று கேட்பதைவிட, "12 வருடமும் இதை எங்கே, எப்படி வைத்திருந்தீர்கள்? பெட்டிக்குள் ஈரப்பதமானி இருக்கிறதா? இப்போது என்ன காட்டுகிறது?" என்று கேளுங்கள். எண் சொல்லிப் பதில் தருபவர் கருவியைப் பார்த்துக்கொண்டவர். "வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தது" என்றால் உஷாராகிவிடுங்கள்.

வறட்சியின் முதல் தடயம் ஃபிரெட் (விரல்பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) நுனிகளில் தெரியும். விரல்பலகை சுருங்கும், உலோகம் சுருங்காது. அதனால் கம்பியின் முனை ஓரத்தில் துருத்தி நிற்கும். கழுத்தோரமாக விரலை ஓட்டினால் ரம்பத்தின் பல் போலக் கீறும். இது மட்டும்தான் குறை என்றால் பயப்பட வேண்டாம். இரண்டு மூன்று வாரம் சரியான ஈரப்பதத்தில் வைத்து, பிறகும் துருத்தினால் மட்டும் அரத்தால் தேய்க்கச் சொல்லலாம். வந்த அன்றே தேய்க்கக் கூடாது.

மேல்பலகையைப் பார்க்க, அறையை இருட்டாக்கி, கைபேசி விளக்கைப் பலகையோடு பலகையாகப் படுக்கவைத்து ஒளி சாய்ந்து விழும்படி படம் எடுக்கச் சொல்லுங்கள். நேர் வெளிச்சத்தில் பளபளப்பு எல்லாவற்றையும் மறைத்துவிடும். சாய்ந்த ஒளியில் மயிரிழை விரிசலும் நிழலாகத் தெரியும். பிரிட்ஜுக்கும் (மேல்பலகையில் தந்திகளைக் கட்டியிருக்கும் மரத்துண்டு) கீழ் விளிம்புக்கும் இடையே உற்றுப் பாருங்கள், பிளவு அதிகம் வருமிடம் அதுதான். பிரிட்ஜின் பின்விளிம்புக்கு அடியில் சாதாரணத் தாளின் ஓரத்தைச் செருகிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே போனால் பசை விட்டுவிட்டது என்று அர்த்தம். கடைசியாக, மேல்பலகையையும் பின்பலகையையும் விரல் கணுவால் பல இடங்களில் தட்டி ஒரு வீடியோ. எங்காவது 'கிர்ர்' என்று அதிர்ந்தால் உள்ளே பலகையைத் தாங்கும் மரச்சட்டமான பிரேஸ் ஒன்று கழன்றிருக்கலாம். பழைய விரிசலை உள்ளிருந்து சிறு மரத்துண்டு ஒட்டி ஒழுங்காகச் சரிசெய்திருந்தால் நான் அந்தக் கருவியை ஒதுக்க மாட்டேன், விலையைத்தான் குறைப்பேன். மறைத்து வைத்த விரிசல் வேறு விஷயம்.

தந்தி உயரத்தையும் கேளுங்கள். 12-ஆவது ஃபிரெட்டின் மேலிருந்து தந்தியின் அடி வரை 2.3 முதல் 2.8 மில்லிமீட்டர் என்றால் நல்லது. 3-க்கு மேல் போனால் சேடிலை (பிரிட்ஜின் மேல் தந்திகள் படியும் சிறு பட்டை) தேய்த்துக் குறைக்கலாம். ஆனால் அங்கே அரை மில்லிமீட்டர் இறங்க சேடிலில் ஒரு மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். சேடில் ஏற்கெனவே பிரிட்ஜோடு ஒட்டிக் கிடந்தால் குறைக்க இடமில்லை. அப்போது கோளாறு கழுத்தின் சாய்விலோ மேல்பலகையின் உப்பலிலோ இருக்கும், செலவும் பெரிது. பெரும்பாலான யுகுலேலேக்களில் கழுத்துக்குள் டிரஸ் ராட் (வளைவைத் திருத்தும் உலோகக் கம்பி) கிடையாது என்பதால், வளைந்த கழுத்தைத் திருகி நிமிர்த்தவும் முடியாது. இன்னொன்று: காய்ந்த கருவியில் பலகை தாழ்ந்து தந்தி உயரம் குறைவாகவே காட்டும். பீனிக்ஸில் 2.3 என்று அளந்தது உங்கள் ஊர்க் கோடையில் ஏறலாம்.

விலையைப் பேசும்போது 'கேட்கும் விலை'களை ஒப்பிடாதீர்கள். ஈபேயில் 'விற்று முடிந்தவை' என்று வடிகட்டி, அதே மாதிரிக்கு ஆட்கள் உண்மையில் கொடுத்த விலையைப் பாருங்கள். பிறகு பொருத்திய பிக்கப் (ஒலியை ஒலிபெருக்கிக்கு அனுப்பும் கருவி), துளை பெரிதாக்கி மாற்றிய தந்தி முடுக்கிகள், பெயர் பொறித்த அலங்காரம் இவையெல்லாம் போட்டவருக்குச் செலவுதான், மறுவிற்பனையில் அந்தப் பணம் திரும்பாது. வந்த பிறகு 48 மணி நேரம் பார்க்க அவகாசம், பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது, இரண்டையும் எழுத்தில் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

அனுப்பும் முறையையும் நீங்களே சொல்லிவிடுங்கள். வழியில் உடைவது பெரும்பாலும் தலைப்பகுதி. பெட்டி விழும்போது தலை தொங்கலில் இருந்தால் கழுத்து முறியும். கெட்டிப் பெட்டிக்குள் கழுத்துக்கும் தலைக்கும் அடியிலும் பக்கங்களிலும் கசக்கிய தாளை அடைத்து, ஆட்டிப் பார்த்தால் அசையாதபடி செய்ய வேண்டும். தந்திகளை ஒன்றிரண்டு சுரம் இறக்கினால் போதும், முழுக்கக் கழற்ற வேண்டாம். வெளி அட்டைப்பெட்டியில் சுற்றிலும் 5 சென்டிமீட்டர் இடம் விட்டு நிரப்பட்டும். குமிழித்தாள் நேராகப் பூச்சில் படக் கூடாது, தழும்பு விழும். பீனிக்ஸ் கோடையில் வெள்ளிக்கிழமை அனுப்பினால் வார இறுதி முழுக்கச் சூடான கிடங்கில் கிடந்து பசை இளகலாம். திங்களன்று அனுப்பச் சொல்லுங்கள். முழு விலைக்கும் காப்பீடு வேண்டும். அமெரிக்க அஞ்சல் துறை உள்நாட்டில் 5,000 டாலர் வரை காப்பீடு தருகிறது.

குளிர்காலத்தில் வந்தால் உடனே திறக்காதீர்கள். அட்டைப்பெட்டியை வீட்டுக்குள் ஒரு நாள் மூடியபடியே வையுங்கள். உறைந்த கருவி சட்டென்று சூட்டைச் சந்தித்தால் பூச்சு, குறிப்பாக நைட்ரோ லாக்கர், வலைவலையாக வெடிக்கும். திறக்கும்போது ஆரம்பம் முதல் வீடியோ எடுங்கள். பிறகு டியூனரை வைத்து, ஒவ்வொரு தந்தியிலும் 12-ஆவது ஃபிரெட்டின் ஹார்மோனிக்கையும் (அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் சுரம்) அழுத்திய சுரத்தையும் ஒப்பிடுங்கள். 5 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) வரை வித்தியாசம் இருந்தால் கவலையில்லை. 10-ஐத் தாண்டினால் முதலில் தந்தியை மாற்றிப் பாருங்கள், பழைய தந்தியே பொய் சொல்லும். உங்கள் ஊரிலும் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீடு மிகவும் காய்ந்துவிடும். பெட்டிக்குள் 49 சதவீத ஈரப்பதப் பொட்டலம் ஒன்றும் சிறு ஈரப்பதமானி ஒன்றும் எப்போதும் இருக்கட்டும்.

உங்கள் கான்செர்ட் எந்தத் தயாரிப்பு என்று எழுதவில்லை. எதுவானாலும், மேலே நீங்கள் கேட்கப்போகும் படங்கள் அத்தனையையும், வாங்குபவர் கேட்பதற்கு முன்பே உங்கள் விளம்பரத்தில் போட்டுவிடுங்கள். ஒவ்வொரு கீறலையும் அளவுகோல் வைத்து அருகில் எடுங்கள். குறையை மறைத்து விற்ற கருவி திரும்பி வரும்போது இரண்டு வழி அஞ்சல் செலவும் உங்கள் தலையில் விழலாம். புதுத் தந்தி போடுங்கள், நைலான் அல்லது ஃபுளோரோகார்பன் மட்டும். கழற்றிய பழைய பாகங்கள் இருந்தால் சேர்த்துக் கொடுங்கள்.

கனடாவுக்கோ வேறு நாட்டுக்கோ விற்பதானால் மரம் என்னவென்று பாருங்கள். அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான சைட்டீஸின் பட்டியலில் கோஆ இல்லை. 2017-இல் பட்டியலுக்குள் வந்த ரோஸ்வுட் வகைகளில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்குக் கிடைத்துவிட்டது. பிரேசில் ரோஸ்வுட்டுக்கு மட்டும் 1992 முதல் உள்ள கடும் கட்டுப்பாடு அப்படியே இருக்கிறது. அமெரிக்க நிறுவனமான மார்ட்டினின் பழைய கருவிகளின் விரல்பலகையில் அது இருக்கக்கூடும். அப்படியானால் அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டி அனுப்பாதீர்கள்.

வாங்குபவர் பேசிய விலையைவிடக் கூடுதலாகக் காசோலை அனுப்பி, "மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்கள்" என்று கேட்டால் அது மோசடி. காசோலை சில வாரம் கழித்துத் திரும்பும், உங்கள் பணம் போயிருக்கும். பேபாலில் பதிவான முகவரிக்கு மட்டும், கையெழுத்து வாங்கும் ஏற்பாட்டோடு அனுப்புங்கள். "தம்பி வீட்டுக்கு மாற்றி அனுப்புங்கள்" என்று யாராவது கேட்டால் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, சரியான முகவரியோடு மறுபடி செலுத்தச் சொல்லுங்கள்.