வாசகர் கேள்வி: பாம்புக்கு எதிராக விட்ட கீரிகள்

கேள்வி: பாம்புகளை ஒழிப்பதற்காகத் தீவில் விட்ட கீரிகளையே ஜப்பான் அரசு பல ஆண்டுகள் பாடுபட்டு ஒழித்ததாகப் படித்தேன். பாம்புக்குக் கீரி பரம எதிரி அல்லவா? பிறகு ஏன் இந்த நிலை? (வாசகர், தேனி)

பதில்: நீங்கள் படித்தது அமாமி ஓஷிமா தீவைப் பற்றியதாக இருக்கும். அங்குள்ள ஹபு என்னும் நச்சுக் குழிவிரியனைக் கட்டுப்படுத்தும் எண்ணத்தில், 1979இல் ஏறத்தாழ 30 கீரிகளை அத்தீவில் விட்டார்கள். அவை நம் வேலியோரங்களில் ஓடும் சாம்பல் கீரிகள் அல்ல. வட இந்தியாவைச் சேர்ந்த, உருவில் சிறிய வேறோர் இனம்.

கீரி பாம்பைக் கொல்லும் என்பதில் ஐயமில்லை. பாம்பும் கீரியும் நேருக்கு நேர் சந்திக்க வேண்டுமே! ஹபு இரவில் நடமாடுவது, இந்தக் கீரியோ பகலில் இரை தேடுவது. அதோடு, பூச்சி, தவளை, பல்லி, எலி, முட்டை என்று எளிதாகக் கிடைப்பதையெல்லாம் தின்னும் பிராணிக்கு, நச்சுப் பல்லுள்ள பாம்பைத் தேடிப் போய்ச் சண்டையிட வேண்டிய அவசியம் என்ன? வித்தைக்காரர் கூடையைத் திறந்து காட்டும் சண்டையைக் காட்டு வாழ்க்கை என்று எண்ணியதே பிழை.

ஊனுண்ணும் பாலூட்டி எதுவும் இயற்கையாக இல்லாத அத்தீவில், தரையில் வாழும் உயிர்களுக்கு இத்தகைய வேட்டைக்காரன் புதியவன். அமாமியிலும் அண்டைத் தீவான டோக்குனோஷிமாவிலும் மட்டுமே வாழும் கருநிற அமாமி முயலின் மிச்சங்கள் கீரிகளின் எச்சத்தில் காணப்பட்டன. 2000ஆம் ஆண்டுவாக்கில் கீரிகள் சுமார் 10,000 ஆகப் பெருகியிருந்தன என்பது மதிப்பீடு.

அந்த ஆண்டுதான் சுற்றுச்சூழல் அமைச்சகம் முழுமையான ஒழிப்பில் இறங்கியது. 2005இல் இதற்கென்றே ஒரு குழு அமைந்தது. காடெங்கும் ஆயிரக்கணக்கில் பொறிகள் வைத்தார்கள், மோப்ப நாய்களைப் பழக்கினார்கள், தானியங்கி கேமராக்களைப் பொருத்தினார்கள். முதல் சில ஆயிரங்களைப் பிடிப்பதை விட, 712 சதுர கிலோமீட்டர் மலைக்காட்டில் எங்கோ பதுங்கியிருக்கும் கடைசிச் சிலவற்றைத் தேடுவதே பெரும்பாடு. ஓர் இணை எஞ்சினாலும் மீண்டும் பெருகிவிடும். சுமார் 32,000 கீரிகள் பிடிபட்ட பின், கடைசிக் கீரி 2018 ஏப்ரலில் சிக்கியது. அதன் பின்னும் ஆறு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து, 2024 செப்டம்பரில்தான் முற்றாக ஒழிந்ததாக அறிவித்தார்கள். இதற்கிடையே முயல்களின் எண்ணிக்கை மீண்டு வந்தது.

இந்தப் பிழையை முதலில் செய்தவர்கள் ஜப்பானியர் அல்லர். கரும்புத் தோட்டத்து எலிகளுக்காக 1872இல் கல்கத்தாவிலிருந்து ஜமைக்காவுக்கு 9 கீரிகள் போயின. அவற்றின் வழித்தோன்றல்கள் 1883இல் ஹவாய் சென்று, தரையில் கூடு கட்டும் பறவைகளின் முட்டைகளைச் சூறையாடின.

அமாமிக்குக் கீரி கொடுத்த ஒகினாவாவில் 1910 முதலே கீரிகள் உண்டு. பறக்க இயலாத ஒரு நீர்க்கோழி இனத்தைக் காப்பதற்காக, அங்கே தீவின் குறுக்கே வேலி கட்டி, வடக்குக் காட்டில் மட்டும் கீரிகளைப் பிடித்து வருகிறார்கள்.