பழைய காடியின் கம்பெனி ரேடியோவில் எம்பி3 பிளேயரை இணைக்க முடியுமா?

முடியும். ரேடியோவைக் கழற்றி எறிய வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது.

இதே சிக்கல் உள்ள மற்றவர்களுக்கும் புரியும்படி உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் உங்கள் அப்பா இன்னும் பழைய புரோட்டோன் வீராதான் ஓட்டுகிறார். காடியோடு கம்பெனியிலிருந்தே வந்த கேசட் ரேடியோ நன்றாகப் பாடுகிறது, ஆனால் வெளியிலிருந்து பிளேயர் ஒயரைச் செருகும் ஆக்ஸ் ஓட்டை இல்லை. அவருக்குப் பிடித்த பழைய பாட்டும் பக்திப் பாட்டும் ஒரு சின்ன எம்பி3 பிளேயரில் நிறைய இருக்கின்றன. கடையில் கேட்டால் தொடுதிரை உள்ள புது ரேடியோ போடச் சொல்கிறார்கள். வேறு வழி உண்டா என்று கேட்கிறீர்கள்.

நானும் இதே ஊர்தான், காடி ஒயரிங் வேலை செய்கிறேன். கம்பெனி ரேடியோ வேலை செய்யும்வரை அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் வருகிறவர்களிடம் சொல்வேன். அப்பாவின் கைக்கு அந்தத் திருகு எங்கே இருக்கிறதென்று தெரியும். ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சத்தத்தைக் கூட்டுவார், குறைப்பார். பால் வெட்டப் போகிறவர்களின் மோட்டார் சைக்கிளும் அவிழ்த்துவிட்ட மாடும் இருட்டில் குறுக்கே வரும் தோட்டத்து ரோட்டில் அது பெரிய விஷயம். வயதானவர் ஓடும் காடியில் திரையைத் தடவித் தடவிப் பாட்டு தேடுவதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்கள் காடியில் கேசட் ஓட்டை இருப்பதால் கேசட் அடாப்டரைத்தான் முதலில் வாங்கிப் பார்க்கச் சொல்வேன். இன்றைக்கும் இணையக் கடைகளில் பத்து இருபது வெள்ளிக்குக் கிடைக்கிறது. பார்க்கக் கேசட் போலவே இருக்கும், உள்ளே நாடா இருக்காது. நாடா ஓட வேண்டிய இடத்தில் ஒரு சின்ன காந்த ஹெட் உட்கார்ந்திருக்கும். பிளேயரின் ஹெட்போன் ஜாக்கிலிருந்து வரும் ஒலி அந்த ஹெட்டில் காந்த அலையாக மாறும். எதிரே ரேடியோவின் ஹெட் இருக்கிறதல்லவா, அது நாடாவைப் படிப்பதாக நினைத்து அந்த அலையைப் படித்துவிடும். இரண்டு ஹெட்டும் நேருக்கு நேர் ஒட்டி நிற்க வேண்டும், அவ்வளவுதான் அதன் சூட்சுமம். சற்று விலகினாலும் ஒலி மந்தமாகும், அல்லது ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டும் பாடும். அப்படி ஆனால் அடாப்டரை வெளியே எடுத்துத் திரும்பவும் போட்டுப் பாருங்கள். முக்கால்வாசி நேரம் அதிலேயே சரியாகிவிடும்.

சரியாகவில்லை என்றால் ரேடியோவின் ஹெட்டில் அழுக்கு. வருஷக்கணக்கில் நாடாவிலிருந்து உதிர்ந்த பழுப்புத் தூளும் செம்மண் ரோட்டுப் புழுதியும் சேர்ந்து அதில் படிந்திருக்கும். காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டு மெதுவாகத் துடையுங்கள். மருந்துக் கடையில் கேட்டால் கொடுப்பார்கள். ஸ்குரூ டிரைவரையோ வேறு இரும்பையோ உள்ளே விடாதீர்கள், ஹெட்டில் கீறல் விழுந்தால் போச்சு. டால்பி பொத்தான் இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். அது நாடாவின் இரைச்சலைக் குறைக்கச் செய்தது, அடாப்டரில் வரும் பாட்டின் மேல் ஸ்தாயியைத்தான் தின்னும்.

சில ரேடியோக்கள் அடாப்டரைப் போட்டவுடனே வெளியே தள்ளும், அல்லது டக் டக்கென்று பக்கம் மாற்றிக்கொண்டே இருக்கும். தானாகப் பக்கம் மாற்றும் ரேடியோ, கேசட்டின் சக்கரம் சுற்றுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும். சுற்றவில்லை என்றால் நாடா முடிந்துவிட்டது என்று முடிவு செய்துவிடும். அதற்காகத்தான் நல்ல அடாப்டரில் பல்சக்கரம் வைத்திருக்கிறார்கள். மறுபக்கம் ஓட்டும் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பாருங்கள், பல நேரம் நின்றுவிடும். அப்போதும் துப்பினால் ரேடியோவின் உள்ளே ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும். நம் வெயிலுக்கு அந்த ரப்பர் இளகிப் பிசின் மாதிரி ஆகிவிடும். பெல்ட் மாற்றத் தெரிந்த பழைய ரேடியோ மெக்கானிக் ஈப்போவில் கிடைத்தால் கொடுத்துச் செய்துகொள்ளுங்கள், செலவழித்த காசுக்குப் பலன் உண்டு.

அடுத்தது சத்த அளவு. பலருக்கும் பாட்டு கெட்டுப்போவது இங்கேதான், ஆனால் பழி அடாப்டர்மீது விழும். பிளேயரின் சத்தத்தைக் குறைவாக வைத்து ரேடியோவைக் கூட்டினால் பாட்டோடு சேர்ந்து இரைச்சலும் பெரிதாகும். பிளேயரை முழுசாகத் திருகினால் அதன் சொந்த ஆம்பிளிபயரே உடைந்து கரகரக்கும். பிளேயரை முக்கால் அளவில் வைத்து, அதன் ஈக்குவலைசரை அணைத்து, மீதியை ரேடியோவின் திருகில் பாருங்கள். அந்த முக்கால் அளவை அப்பாவிடம் ஒருமுறை காட்டிவிட்டால் போதும், அதற்கப்புறம் அவர் பிளேயரின் சத்தத்தைத் தொடவே தேவையில்லை.

பிளேயருக்கு சிகரெட் லைட்டரிலிருந்து சார்ஜ் கொடுத்துக்கொண்டே பாட்டு போட்டால் ‘ஊய்’ என்று ஒரு சத்தம் வரலாம். எண்ணெய் மிதிக்க மிதிக்க அதுவும் ஏறும். அது ஆல்டர்னேட்டரின், அதாவது காடி ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் கொடுக்கும் பாகத்தின் சத்தம். பிளேயர் சார்ஜர் வழியாக ஒரு எர்த், ஆடியோ ஒயர் வழியாக இன்னொரு எர்த் என இரண்டு பாதையில் காடியோடு சேர்ந்துவிடுகிறது. அந்த இரண்டுக்கும் நடுவே ஓடும் சின்ன மின்சாரம்தான் ஸ்பீக்கரில் ஊளையாகக் கேட்கிறது. ஆக்ஸ் ஒயரில் இது மிக அதிகம். கேசட் அடாப்டரில் ஒலி காந்தம் வழியாகத் தாண்டுவதால் இந்தத் தொல்லை குறைவு, எனக்கு அடாப்டர் பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். உறுதி செய்ய சார்ஜர் ஒயரைப் பிடுங்கிப் பாருங்கள். சத்தம் நின்றால் காரணம் அதுதான், பிளேயரை வீட்டிலேயே சார்ஜ் செய்துகொண்டு வந்தால் போதும். ஓடும்போது சார்ஜ் கட்டாயம் வேண்டுமென்றால் ஆடியோ ஒயருக்கு நடுவே கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் ஒன்று போடலாம். உள்ளே இரண்டு சின்ன டிரான்ஸ்பார்மர்தான் இருக்கும், ஒலியை மட்டும் கடத்தி எர்த்தைப் பிரித்துவிடும். மலிவானதில் அடித்தள ஒலி கொஞ்சம் குறையும், தவில் சத்தம் மெலிந்து கேட்கும்.

கேசட் ஓட்டையே இல்லாத காடிக்காரர்கள் எப்.எம். டிரான்ஸ்மிட்டரைப் பற்றிக் கேட்பார்கள். சிகரெட் லைட்டரில் செருகினால் பிளேயரின் பாட்டைச் சின்ன வானொலி நிலையம் போல அனுப்பும், ரேடியோவில் அந்த இலக்கத்தைத் திருப்பிக் கேட்கலாம். எப்.எம்.மில் ஒலி 15 கிலோ ஹெர்ட்ஸோடு நின்றுவிடும் என்றாலும் பழைய பாட்டுக்கு அது தாராளம். இதில் தோட்டப்புறத்துக்காரர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. இங்கே 87.5க்கும் 108க்கும் நடுவே காலி இடம் நிறைய. இரண்டு பக்கமும் நிலையம் நெருங்காத ஒரு இலக்கத்தைப் பிடித்தால் தெளிவாகப் பாடும். அதையே பெருநாள் சமயத்தில் கோலாலம்பூருக்கு ஓட்டிப் போங்கள். தாப்பா, பீடோர், சிலிம் ரிவர் வரை ஓரளவு தாங்கும். தஞ்சோங் மாலிமைத் தாண்டியதும் வேறு நிலையங்கள் மேலே ஏறி உட்கார ஆரம்பிக்கும். 96.3இல் மின்னல், 99.3இல் ராகா என்று தலைநகரில் அலைவரிசை நெருக்கமாக இருக்கும், காலி இடத்தைத் தேடிப் பிடிப்பதே வேலையாகிவிடும். ஓட்டிக்கொண்டே தேட வேண்டாம், ஓய்விடத்தில் நிறுத்திவிட்டு மாற்றுங்கள்.

ஜப்பானில் ஓடி, புதுப்பித்து இங்கே வந்த ரீகான் காடி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜப்பானிய ரேடியோவின் எப்.எம். 76இல் தொடங்கி 90 வரைதான் போகும், கொஞ்சம் புதியவை 95 வரை. டிரான்ஸ்மிட்டரை 100இல் வைத்துவிட்டு ‘ஒன்றுமே கேட்கவில்லை’ என்று சாமானைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்கள் உண்டு. அந்தக் காடிகளில் 88, 89 பக்கம் வைத்துப் பாருங்கள். நம் நிலையங்கள் கேட்பதற்காக ஏரியலில் பேண்ட் எக்ஸ்பேண்டர் போட்டிருந்தால், அது இலக்கத்தை நகர்த்திக் காட்டும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

டிரான்ஸ்மிட்டரைவிட எனக்கு நம்பிக்கை அதிகம் எப்.எம். மாடுலேட்டரில். இது ரேடியோவின் பின்னால், ஏரியல் ஒயருக்கு நடுவே உட்காரும். சுவிட்சைப் போட்டால் ஏரியலை விலக்கிவிட்டுப் பாட்டை ஒயர் வழியாகவே ரேடியோவுக்குக் கொடுக்கும், வெளி நிலையம் நடுவில் நுழையாது. கம்பெனி ஒயர் ஒன்றைக்கூட வெட்ட வேண்டாம், ஏரியல் பிளக்கைக் கழற்றி நடுவில் செருகுவதுதான் வேலை. உங்கள் ரேடியோவின் கேசட் பகுதி செத்துப்போயிருந்தால் இதைத்தான் போட்டுக் கொடுப்பேன்.

தொயோத்தா, ஹோண்டா ரேடியோக்கள் சிலவற்றின் பின்னால் பல சிடியை மாற்றி மாற்றிப் போடும் சிடி சேஞ்சர் பெட்டிக்கென்று தனி சாக்கெட் இருக்கும். அதில் செருகும் அடாப்டர், சேஞ்சர் வந்துவிட்டது என்று ரேடியோவை நம்ப வைத்து ஆக்ஸ் வழியைத் திறந்துவிடும். ஒலி மிகச் சுத்தமாக வரும். ரேடியோவின் மாடல் எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும், சாக்கெட் பொருந்தினாலே வேலை செய்யும் என்று சொல்ல முடியாது.

ரேடியோவைத் திறந்து உள்ளே ஒயர் பற்றவைக்கும் காணொளிகளும் இருக்கின்றன. கேசட் ஹெட்டிலிருந்து வரும் ஒலி மிகமிகச் சின்னது. பிளேயரை அந்த இடத்திலேயே கொடுத்தால் ஒலி உடைந்து நாறும். அந்தச் சின்ன ஒலியை முதலில் பெரிதாக்கும் பிரீ ஆம்பைத் தாண்டி, வால்யூமுக்கு முன்னால் உள்ள புள்ளியைக் கண்டுபிடிக்க வேண்டும். சர்க்கியூட் படம் படிக்கத் தெரிந்தவர் செய்யட்டும். பிளேயர் ஒயரை ஸ்பீக்கர் ஒயரோடு முறுக்கிவிடுவதை மட்டும் யாரும் செய்யவே வேண்டாம். பெரும்பாலான காடி ரேடியோக்களில் ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் ஏறக்குறைய 6 வோல்ட் நின்றுகொண்டிருக்கும். பிளேயர் அதைத் தாங்காது.

ஒருவேளை ரேடியோ உண்மையாகவே செத்து, மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் கடைக்காரரிடம் ஒரே ஒரு நிபந்தனை போடுங்கள்: கம்பெனி சாக்கெட்டை வெட்டக் கூடாது. பழைய காடிகளில் டேஷ்போர்டைத் திறந்தால் கம்பெனி பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, கறுப்பு டேப் சுற்றிய ஒயர் பத்துப் பன்னிரண்டு தொங்கும். எனக்கு ஆத்திரமாக வரும். டேப்பின் பசை வெயிலில் உருகி, ஒயர் ஒன்றோடொன்று உரசி, பியூஸ் போவதெல்லாம் அதனால்தான். அந்தந்தக் காடிக்குப் பொருந்தும் சாக்கெட் ஒயர் தனியாக விற்கிறார்கள். பெரோடுவா காடிகள் டைஹாட்சு, தொயோத்தா வழியில் வந்தவை, பெரும்பாலும் தொயோத்தாவின் பத்து முள், ஆறு முள் சாக்கெட்டே பொருந்தும். புது ரேடியோவின் ஒயரில் மஞ்சள் எப்போதும் இருக்கும் 12 வோல்ட், சிவப்பு சாவி திருப்பினால் வருவது, கறுப்பு எர்த். கம்பெனி ஒயரின் நிறம் வேறாக இருக்கும், நிறத்தைப் பார்த்து இணைக்காமல் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஹோண்டா வைத்திருப்பவர்கள் பேட்டரியைக் கழற்றும் முன் ரேடியோவின் ரகசிய எண் கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ரேடியோ பூட்டிக்கொள்ளும்.

புது ரேடியோவில் யுஎஸ்பி இருந்தால் பிளேயரே வேண்டாம், பென்டிரைவ் போதும். அதை எப்.ஏ.டி.32 வடிவில் பார்மட் செய்யுங்கள், பல ரேடியோக்களுக்கு மற்றது படிக்காது. தமிழ் எழுத்தில் உள்ள பாட்டின் பெயர்கள் பெரும்பாலும் கட்டம் கட்டமாகத்தான் தெரியும், அதனால் கோப்புகளின் பெயரை ஆங்கில எழுத்தில் மாற்றி, முன்னால் 01, 02 என்று எண் போட்டு, அந்த வரிசையிலேயே ஏற்றுங்கள். பெயரைப் பார்க்காமல் ஏற்றிய வரிசைப்படியே பாடும் ரேடியோக்கள் நிறைய. சாமி பாட்டு முதலில் வர வேண்டும் என்று அப்பா சொன்னால் அதை முதலில் ஏற்றுங்கள்.

இப்போதைக்கு அடாப்டர் ஒயரை கியர் கம்பியில் சிக்காமல் டேஷ்போர்டின் ஓரமாக ஒட்டிவிட்டு, பிளேயரை டேஷ்போர்டில் உள்ள பெட்டிக்குள் வையுங்கள். கோயில் வாசலிலோ பசார் பக்கமோ வெயிலில் காடியை நிறுத்தினால் அப்பா பிளேயரைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கட்டும். மூடிய காடியின் சூட்டில் லித்தியம் பேட்டரி உப்பிவிடும், உப்பியதைத் திரும்ப சார்ஜ் செய்யக் கூடாது.