பின்கட்டிலிருந்து டிரைவர் சீட்டுக்கு: கேரவன் பஸ்ஸில் இண்டர்காம்

பழைய பஸ்ஸை வாங்கி, சீட்டுகளைக் கழற்றிவிட்டு, கட்டில், சமையல் மேடை, கழிப்பறை என்று வீடாக மாற்றுகிறவர்கள் எழுதிய கேள்விகள் நிறைய சேர்ந்துவிட்டன. அவற்றில் முன்னால் இருப்பவரும் பின்னால் இருப்பவரும் பேசிக்கொள்ளும் வசதி பற்றியவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்திருக்கிறோம்.

கேள்வி: 11 மீட்டர் பஸ், எஞ்சின் முன்பக்கம். கடைசியில் உள்ள படுக்கையறையிலிருந்து எவ்வளவு கத்தினாலும் டிரைவருக்குக் கேட்பதில்லை. செல்போனே போதுமா, இண்டர்காம் வேண்டுமா? எந்த மாதிரி வாங்குவது?
– வாசகர், கரூர்

செல்போனை நம்ப வேண்டாம். மலைப்பாதையில் குழந்தைக்கு வாந்தி வருகிறது, வண்டியை ஓரங்கட்டச் சொல்ல வேண்டும் என்கிற நேரத்தில்தான் சிக்னல் இருக்காது. கம்பி இழுத்த இண்டர்காம்தான் சரி. பாடி வேலை நடக்கும்போதே, உள்பக்க பிளைவுட் அடிப்பதற்கு முன்பே கேபிளைப் போட்டுவிடுங்கள். பிறகு போடுவதென்றால் பாதி பேனலைக் கழற்ற வேண்டியிருக்கும்.

கடையில் முதலில் காட்டுவது கையில் எடுக்காமலே பேசும் ஸ்பீக்கர் வகையைத்தான். எஞ்சின் முன்னால் இருக்கும் பஸ்ஸுக்கு அது ஒத்துவராது. காரணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு பக்கமும் மைக்கும் ஸ்பீக்கரும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் ஊளையிடும். அதனால் எந்தப் பக்கம் சத்தம் அதிகமோ அந்தப் பக்கத்து மைக்கை மட்டும் திறந்து, மறுபக்கத்தை அடைத்துவிடும்படி அந்தக் கருவியைச் செய்திருப்பார்கள். பானட்டுக்குள் எஞ்சின் ஓயாமல் இரைவதால், டிரைவர்தான் பேசிக்கொண்டிருக்கிறார் என்று அது எடுத்துக்கொள்ளும். பின்னாலிருந்து எவ்வளவு கத்தினாலும் வழி திறக்காது.

உங்களுக்கு ஏற்றது பட்டனை அழுத்திப் பேசும் வகை. படுக்கையறையில் கையில் எடுக்கும் ரிசீவர். டிரைவர் பக்கம் 5 வாட், 8 ஓம், 4 அங்குல ஸ்பீக்கர். அதைத் தலைக்குப் பின்னால், இடப்புறமாக, காதைப் பார்த்தபடி பொருத்துங்கள். வலப்புறம் ஜன்னல் காற்றில் பாதி அடிபட்டுப் போகும். டிரைவருக்கு மைக் வளையும் தண்டில், வாயிலிருந்து 3 முதல் 5 சென்டிமீட்டருக்குள் வர வேண்டும். ஓர் அடி தள்ளி வைத்தால் பேச்சைவிட எஞ்சின்தான் அதிகம் போகும். பேசும் பட்டனை ஸ்டீயரிங்கிலிருந்து விரல் எட்டும் இடத்தில் வையுங்கள்.

டிரைவர் கையில் ரிசீவரைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஓட்டும்போது கையில் பிடித்துப் பேசும் கருவியைப் பயன்படுத்துவதை 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு ஆபத்தான ஓட்டுதலாகவே சொல்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், வீட்டையே சுமந்து போகிற வண்டியை ஒரு கையால் ஓட்டச் சொல்வது தப்பு.

கேள்வி: 12 வோல்ட் இண்டர்காம் வாங்கினோம். பஸ் 24 வோல்ட் என்பதால், இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் லைன் எடுத்தார் எலக்ட்ரீஷியன். கூடவே எல்இடி விளக்கும் அதிலேயே. ஏழே மாதத்தில் இரண்டு பேட்டரியும் போய்விட்டன. இண்டர்காம் அவ்வளவு கரண்ட் இழுக்குமா?
– வாசகர், நாமக்கல்

இண்டர்காம் இழுப்பது சொற்பம். லைன் எடுத்த இடம்தான் தப்பு.

இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இருக்கின்றன. ஆல்டர்நேட்டர் இரண்டுக்கும் சேர்த்துத்தான் 28 வோல்ட் கொடுக்கிறது. எது காலி, எது நிறைவு என்று அதற்குத் தெரியாது. நீங்கள் லைன் எடுத்த கீழ் பேட்டரியிலிருந்து, அதாவது மைனஸ் பக்கத்து பேட்டரியிலிருந்து, எடுத்துக்கொண்டே இருந்தால் அது எப்போதும் அரைவயிற்றோடு 13 வோல்ட்டில் நிற்கும். மிச்சம் 15 வோல்ட் மேல் பேட்டரியின் தலையில் விழும். அது கொதித்துத் தண்ணீர் வற்றும். கீழ் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படியும். ஒன்று பசியில் சாக, மற்றது அஜீரணத்தில் சாகும்.

24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்று வாங்கி, அதன் உள்ளீட்டை இரண்டு பேட்டரிகளின் வெளிமுனைகளிலும் கொடுங்கள். இண்டர்காமுக்கு மட்டும் என்றால் 3 ஆம்பியர், விளக்கும் சேர்ந்தால் 10. லாரி, பஸ்ஸுக்கென்றே அலுமினியப் பெட்டியில் அடைத்து வருவதை வாங்குங்கள். எல்எம்2596 சிப் போட்ட சின்னத் திறந்த போர்டு மலிவாகக் கிடைக்கும். அதன் உள்ளீட்டுத் தாங்குதிறன் 40 வோல்ட்தான். ஓடும்போது பேட்டரி டெர்மினல் ஒரு கணம் லூஸானால் ஆல்டர்நேட்டர் 100 வோல்ட்டுக்கு மேல் துள்ளும். அந்த போர்டு ஷார்ட்டாகிச் செத்தால் 24 வோல்ட் அப்படியே இண்டர்காமுக்குப் போகும்.

புது பேட்டரி போடும்போது இரண்டையும் ஒரே நாளில், ஒரே மாடலாகப் போடுங்கள். தொடராகச் சேர்ப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் 12 வோல்ட் சார்ஜரில் தனியாக நிரப்பி, அரை நாள் சும்மா விட்டு அளந்தால் இரண்டுக்கும் 0.1 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது.

இன்னொன்று: விளக்கு, சமையல் போன்ற வீட்டு உபயோகத்துக்கென்று தனி பேட்டரி இருந்தால், இண்டர்காமை வண்டி ஸ்டார்ட் செய்யும் பேட்டரியில் கொடுக்காமல் அதில் கொடுங்கள். சும்மா இருக்கும்போதே 50 மில்லிஆம்பியர் இழுக்கும் கருவி ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி தின்னும். ஒரு மாதம் ஷெட்டில் நின்றால் 36. ஒரு சுவிட்ச்சும் போட்டுவிடுங்கள்.

கேள்வி: இண்டர்காமில் ‘உய்ய்ங்’ என்று ஓர் ஓசை. ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க அதுவும் உச்சஸ்தாயிக்கு ஏறுகிறது. எஞ்சினை அணைத்தால் சுத்தமாக இருக்கிறது. மூன்று ஃபில்டர் மாற்றியாயிற்று.
– வாசகர், சேலம்

ஓசை எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கினால் அது ஆல்டர்நேட்டர்தான். 12 துருவ ஆல்டர்நேட்டர், டையோடுகள் வழியாக, ஒரு சுற்றுக்கு 36 சிற்றலைகளை அனுப்புகிறது. எஞ்சின் 700 சுற்றில் சும்மா நிற்கும்போது ஆல்டர்நேட்டர் அதைப்போல இரண்டரை மடங்கு சுற்றும். கணக்குப் போட்டால் நொடிக்கு 1,050 அதிர்வு. மனிதக் குரல் இருக்கும் இடத்திலேயே அது வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதனால்தான் இவ்வளவு தொந்தரவு.

ஃபில்டர் வாங்குவதற்கு முன் ஓசை எந்த வழியாக வருகிறது என்று பார்த்திருக்க வேண்டும். யூபிஎஸ்ஸில் இருக்குமே, 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி, அதில் ஒன்றைக் கொண்டுவாருங்கள். இண்டர்காமின் பிளஸ், மைனஸ் இரண்டையும் வண்டியிலிருந்து கழற்றி இதில் கொடுங்கள். எஞ்சினை ஓடவிட்டுக் கேளுங்கள்.

ஓசை போய்விட்டால் சப்ளை வழியாக வந்திருக்கிறது, அல்லது மைனஸ் கம்பி பாடியோடு சேர்ந்து ஒரு வளையம் உண்டாகியிருக்கிறது. முன் கருவியின் மைனஸ் டேஷ்போர்டு அருகே பாடியிலும், பின் கருவியின் மைனஸ் கட்டிலுக்குக் கீழே பாடியிலும் எர்த் செய்யப்பட்டிருக்கும். இதைத்தான் அதிகம் பார்க்கிறோம். ஆல்டர்நேட்டரும் மற்ற சாதனங்களும் அதே பாடியை மைனஸாக வைத்துக் கரண்ட் ஓட்டுவதால், அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே சில நூறு மில்லிவோல்ட் ஆடிக்கொண்டே இருக்கும். மைக் கொடுப்பதோ சில மில்லிவோல்ட். பின் கருவியின் எர்த்தைக் கழற்றுங்கள். பிளஸ், மைனஸ் இரண்டும் முன்னாலிருந்தே, தனிக் கம்பியில், பின்னால் போகட்டும். மைனஸ் ஒரே ஓர் இடத்தில்தான் வண்டியைத் தொட வேண்டும். உலோகப் பெட்டி உள்ள கருவியானால் பாடியில் நேராக முறுக்காமல் ரப்பர் வாஷர் கொடுங்கள். இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது: எஞ்சினின் பெரிய எர்த் பட்டை லூஸாக இருந்தால், ஸ்டார்ட்டர் கரண்ட் உங்கள் கேபிளின் மெல்லிய ஷீல்டு (உள்கம்பிகளைச் சுற்றியுள்ள உலோக உறை) வழியாகத் திரும்பப் பார்க்கும். ஷீல்டு கருகிப்போன கேபிளைக் கண்டால் முதலில் அந்தப் பட்டையைப் பாருங்கள்.

தனி பேட்டரியிலும் ஓசை நீடித்தால், கேபிள்தான் பக்கத்துக் கம்பிகளிலிருந்து இரைச்சலை வாங்கிக்கொள்கிறது. ஆல்டர்நேட்டர் கேபிளோடும் இன்வெர்ட்டரின் 230 வோல்ட் லைனோடும் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். ஓர் அடியாவது விலக்குங்கள். குறுக்கே போக வேண்டுமானால் செங்குத்தாகத் தாண்டட்டும். மைக் கம்பி முறுக்கிய ஜோடியாக, ஷீல்டோடு இருக்க வேண்டும். ஷீல்டை முன்முனையில் மட்டும் இணைத்து, பின்முனையில் வெட்டி டேப் சுற்றிவிடுங்கள். இரண்டு முனையிலும் இணைத்தால் மேலே சொன்ன வளையம் மறுபடி வந்துவிடும். அதற்கும் அடங்காவிட்டால் பேச்சு லைனில் 600-க்கு 600 ஓம் ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று; குரல் கடக்கும், எர்த் கடக்காது. ஆனால் அந்த லைனிலேயே மைக்குக்கு மின்சாரமும் போனால் அதற்கு வேறு கம்பி வேண்டும்.

ஒரு நாள் திடீரென்று ஓசை கூடி, சுருதியும் தாழ்ந்தால் ஆல்டர்நேட்டரில் ஒரு டையோடு போயிருக்கலாம். எஞ்சின் ஓட, பேட்டரி முனையில் ஏசி அளவீடு அரை வோல்ட்டைத் தாண்டினால் சந்தேகம் உறுதி. மலிவான மீட்டர்கள் ஏசி அளவில் வைத்தால் 24 வோல்ட் டிசியையே 50 என்று காட்டும். அந்த மாதிரி மீட்டரில் இதை அளக்காதீர்கள்.

கேள்வி: வீட்டில் இரண்டு பழைய பட்டன் டெலிபோன்கள் சும்மா கிடக்கின்றன. வண்டி நிற்கும்போது கேபினில் படுப்பவரும் பின்னறையில் இருப்பவரும் பேச அவற்றையே இண்டர்காம் ஆக்க முடியுமா?
– வாசகர், தஞ்சாவூர்

தாராளமாக. ஆம்பிளிஃபயர்கூட வேண்டாம். 24 வோல்ட் இதற்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. ஒவ்வொரு போனும் பேசும்போது 5 முதல் 8 வோல்ட் எடுத்துக்கொள்ளும். 12 வோல்ட்டில் இரண்டையும் தொடராகப் போட்டால் குரல் கம்மிப்போகும்.

வரிசை இப்படி: பிளஸ்ஸிலிருந்து அரை ஆம்பியர் ஃபியூஸ், 1என்4007 டையோடு, 100 ஓம் 1 வாட் ரெசிஸ்டர். அதன் மறுமுனைக்கும் மைனஸுக்கும் இடையே 1,000 மைக்ரோஃபாரட் 63 வோல்ட் கெப்பாசிட்டர்; ஆல்டர்நேட்டர் இரைச்சலை இதுவே விழுங்கிவிடும். அங்கிருந்து 390 ஓம் 2 வாட் ரெசிஸ்டர், முன் போன், பின் போன், மைனஸ். இரண்டு ரிசீவரையும் எடுத்துவைத்து, லைனில் மீட்டரைத் தொடராக வைத்தால் 15 முதல் 30 மில்லிஆம்பியர் காட்ட வேண்டும். 2 வாட் எதற்கென்றால், லைன் ஷார்ட்டானால் அதில் 1.2 வாட் சூடு எழும், சின்னது கருகிவிடும்.

போனின் மணி அடிக்காது. அதற்கு 75 வோல்ட் அளவில் ஏசி வேண்டும். ஆகவே இரண்டு முனையிலும் ஒரு பட்டன், ஒரு பஸர். 6 கோர் கேபிள் சரியாகப் போதும்: பேச்சுக்கு ஒன்று, அதன் மைனஸ் ஒன்று, பஸருக்கு பிளஸ் ஒன்று, மைனஸ் ஒன்று, பின் பஸருக்குப் போவது ஒன்று, முன் பஸருக்கு வருவது ஒன்று. பஸருக்கும் பேச்சுக்கும் ஒரே மைனஸைக் கொடுத்து ஒரு கோரை மிச்சம் பிடிக்காதீர்கள். பட்டனை அழுத்தும்போதெல்லாம் காதில் வெடிக்கும். ‘3–24 வோல்ட்’ என்று எழுதிய பஸரும் வேண்டாம். எஞ்சின் ஓடும்போது 28 வரும். 30 வோல்ட் தாங்கும் லாரி பஸராக இருக்கட்டும்.

இந்த பஸர் ஓடும் வண்டியிலும் உதவும். நம் கண்டக்டர் விசில் கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்று அடித்தால் நிறுத்து, இரண்டு அடித்தால் போ. டிரைவர் வாயே திறக்க வேண்டியதில்லை. இந்தப் போன்களை மட்டும் பிஎஸ்என்எல் லைனோடு எப்போதும் சேர்க்கக்கூடாது.

கேள்வி: ஆறு மாதத்துக்கொரு முறை எங்காவது கம்பி அறுந்துவிடுகிறது. ஈயம் வைத்து நன்றாகத்தான் ஒட்டுகிறோம்.
– வாசகர், மதுரை

ஈயம் வைப்பதுதான் காரணம். ஈயம் இழைகளுக்குள் ஊறிக் கம்பியை விறைப்பாக்கிவிடும். ஊறல் முடியும் இடத்தில், அதிர்வில், ஒவ்வோர் இழையாக ஒடியும். கம்பி முனையில் லக் எனும் உலோகக் காது போட்டு, அதை நசுக்கிப் பிடிக்கவைத்து (கிரிம்ப்) இணையுங்கள். ஒற்றைக் கம்பி வேண்டாம், பல இழைக் கம்பிதான். 11 மீட்டர் பஸ்ஸில் மேலேறி வளைந்து போக 15 மீட்டர் ஆகும். அரை சதுர மில்லிமீட்டர் கம்பியில் போக வர அரை ஆம்பியருக்கு 0.6 வோல்ட்தான் இழப்பு. அதற்குமேல் தடிமன் தேவையில்லை. தகட்டு ஓட்டை ஒவ்வொன்றிலும் கம்பி உராயாமல் காக்கும் ரப்பர் வளையம் (குரோமெட்), ஓர் அடிக்கொரு கிளிப், இரண்டு முனையிலும் ஒரு சாண் தளர்வு.

கேள்வி: வாக்கி-டாக்கி வைத்துக்கொண்டால் இந்தக் கம்பி வேலையே வேண்டாமே?
– வாசகர், ஓசூர்

ரிவர்ஸ் எடுக்கும்போது கீழே நின்று வழி சொல்ல அது மிக நல்லது. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான, சக்தி குறைந்த, அரசு அங்கீகாரச் சான்று பெற்ற மாடலுக்கு உரிமம் வேண்டாம். மற்ற அலைவரிசைகளுக்கு வேண்டும். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது என்று எதையாவது வாங்கிவிடாதீர்கள். வண்டிக்குள் இதையே நம்பினால், சார்ஜ் போட மறந்த இரவில் பின்னறை ஊமையாகிவிடும்.

கேள்வி: ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கினால் ரிசீவர் விழுந்து ஆடுகிறது.
– வாசகர், திருநெல்வேலி

மேசை போனைச் சுவரில் மாட்டியிருக்கிறீர்கள். சுவரில் மாட்டும் மாடலில் காதுப் பக்கத்தைப் பிடிக்கும் சின்னக் கொக்கி இருக்கும். அதைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டால் இன்னும் ஆழமாகப் பிடிக்கும் மாடல்களும் உண்டு. ரிசீவர் வண்டியின் பக்கவாட்டுச் சுவரில், நெட்டுக்குத்தாகத் தொங்கட்டும். டெலிபோன் பிளக்கின் பிளாஸ்டிக் நாக்கு அதிர்வில் ஒடியும். அந்த இடத்தில் வளையம் திருகிப் பூட்டும் ஜிஎக்ஸ்12 கனெக்டர் போடுங்கள்.