ஷான்சிக்கு எத்தனை 'ஏ'?

கே: சார், சீன வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்தில் ஷான்சி என்று இரண்டு மாகாணம். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒன்றுக்கு ஒரு 'ஏ' (Shanxi), இன்னொன்றுக்கு இரண்டு (Shaanxi). அச்சுப் பிழையா?

ப: பிழை இல்லை, தெரிந்தே செய்தது. இரண்டு பெயருக்கும் ஒலி ஒன்றுதான், தொனி வேறு. கிழக்கே இருப்பதில் 'ஷான்' உச்சத்தில் சமமாக நிற்கும், மேற்கே இருப்பதில் குரல் தாழ்ந்து எழும். தொனிக்குறி போட்டால் தெரியும், ஆனால் ரயில் டிக்கெட்டில் யார் குறி போட்டுக்கொண்டிருப்பது? அதனால் 1928இல் அரசு ஏற்ற ஒரு பழைய ரோமன் முறையிலிருந்து கடன் வாங்கினார்கள். சாவ் யுவன்-ரென் போன்ற மொழியியலாளர்கள் உருவாக்கியது, தொனியை எழுத்துக்கூட்டிலேயே காட்டிவிடும், தாழ்ந்து எழும் மூன்றாம் தொனிக்கு உயிரெழுத்தை இரட்டிக்கும். ஆக முன்பாதி அந்த முறை, பின்பாதி 1958இல் வந்த, இன்று வழங்கும் ரோமன் முறையான பின்யின். ஒட்டுமாங்கன்றுதான்.

கே: அப்போ 'ஷாஅன்சி' என்று இழுக்கணுமா?

ப: வேண்டாம். அளபெடை படித்த நமக்கு அப்படித்தான் தோன்றும், ஆனால் இங்கே நீட்டல் கணக்கில்லை.

கே: ஷான் என்றால் மலைதானே? இரண்டுமே மலையா?

ப: இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். 'சி' இரண்டிலும் மேற்குதான். ஒற்றை 'ஏ' ஷான்சி, தாய்ஹாங் மலைக்கு மேற்கே இருப்பது. மற்றதில் வரும் ஷான் மலையே இல்லை, சீனத்தில் எழுத்தும் வேறு, அது ஒரு பழைய ஊரின் பெயர். அந்த ஊர் இன்றைக்கு ஹெனான் மாகாணத்து சான்மென்சியா பக்கம் போய்விட்டது. பெயர் கொடுத்த ஊர் மாகாணத்துக்கு வெளியே நிற்கிறது, எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயமே இதுதான்.

கே: பழைய ஆங்கிலப் புத்தகத்தில் 'ஷென்சி' என்று வருகிறதே, அது மூன்றாவதா?

ப: இல்லை, அது இரட்டை 'ஏ' மாகாணத்தின் பழைய தபால் எழுத்துக்கூட்டு. அப்போது ஒன்றுக்கு 'ஏ', மற்றதற்கு 'ஈ' போட்டுப் பிரித்தார்கள்.

கே: புதைந்து கிடந்த அந்தச் சுடுமண் வீரர் சிலைகளைப் பார்க்க எந்த ஷான்சிக்குப் போகணும் அண்ணா?

ப: இரட்டை 'ஏ'. 1974இல் கிணறு தோண்டும்போது கிடைத்தார்கள், தலைநகர் சி'ஆன் பக்கத்தில். அந்த ஊரை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் மேலே இருக்கும் அந்தச் சின்னக் குறியை (Xi'an) விட்டுவிடாதீர்கள், 'சி' தனி, 'ஆன்' தனி. விட்டால் ஒரே அசையாகப் படித்துவிடுவார்கள்.